எழும்பாத பந்தும் வலிக்கும் தோளும்

சாப்ட்பால் என்னும் மென்பந்து விளையாட்டை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுவது இயல்பு. வீச்சாளர் கையைத் தலைக்கு மேலிருந்து வீசாமல் இடுப்பருகே தாழ்த்திப் பந்தை விடுவதால், இது பேஸ்பாலைவிட உடலுக்கு இலகுவான ஆட்டம் என்பது ஒன்று. சில பந்துகள் மட்டையாளரை நெருங்கும் தருணத்தில் திடீரென மேலே தாவுகின்றன என்பது மற்றொன்று. இரண்டும் கண் காட்டும் மயக்கங்களே. பந்து தாவுவதாக நம்புவதால் எவருக்கும் தீங்கில்லை. மட்டையாளர் ஒருவர் ஏமாறுவார், அவ்வளவுதான். ஆனால், தாழ்த்தி வீசுவது தோளுக்குத் துன்பம் தராது என்ற நம்பிக்கை, பத்து வயதுச் சிறுமி முதல் ஒலிம்பிக் வீராங்கனை வரை பலரின் தோள்களில் சுமையாக இறங்கிக் கொண்டிருக்கிறது.

இந்த விளையாட்டின் பெயரே நம்மைத் தவறான திசையில் அழைத்துச் செல்கிறது. 1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சிகாகோவின் ஃபாரகட் படகுச் சங்கத்தில், யேல்-ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் கால்பந்து முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் பழைய குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடியதில் இது பிறந்தது என்பர். கூரைக்குக் கீழே ஆடப்பட்ட அந்த ஆட்டத்தில் பந்து உண்மையிலேயே மென்மையாக இருந்தது. இன்றைய பந்தில் மென்மை ஏதுமில்லை. 12 அங்குலச் சுற்றளவும் 180 முதல் 200 கிராம் வரை எடையும் கொண்ட அது, பேஸ்பால் பந்தைவிடப் பெரியது, கனமானது. தாக்கினால் எலும்பை முறிக்கக் கூடியது.

கிரிக்கெட்டிலேயே ஊறிய நமக்கு, கையைத் தாழ்த்தி வீசுவது என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. 1981 பிப்ரவரி முதல் நாள் மெல்பர்ன் மைதானத்தில், நியூசிலாந்து அணி ஆறு ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்துவிடக் கூடாது என்பதற்காக ஆஸ்திரேலியாவின் டிரெவர் சாப்பல் கடைசிப் பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். அன்று முதல் 'அண்டர்ஆர்ம்' என்ற சொல் நம் நினைவில் கோழைத்தனத்தின் மறுபெயராகிவிட்டது. குழந்தைகளுக்குப் பந்து போடும்போது நாம் செய்வதும் அதுவே. ஆகவே அதைக் கடுமையான விசையோடு இணைத்துப் பார்க்க மனம் எளிதில் இடம் தருவதில்லை.

கணக்கு வேறு கதை சொல்கிறது. பேஸ்பாலில் வீச்சாளருக்கும் மட்டையாளர் நிற்கும் தளத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மகளிர் மென்பந்தில் அது 43 அடி மட்டுமே. வீச்சாளர் முன்னோக்கித் தாவியபடி பந்தை விடுவதால், பந்து கடக்கும் தொலைவு அதிலும் ஏறத்தாழ ஆறடி குறையும். உயர்நிலை வீராங்கனைகள் மணிக்கு 105 கிலோ மீட்டர் வேகத்தில் வீசுவது வழக்கமான ஒன்று. அந்த வேகத்தில் பந்து மட்டையாளரை வந்தடைய 0.39 நொடி ஆகும். பேஸ்பாலில் மணிக்கு 153 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கும் அதே நேரம்தான். அமெரிக்காவின் மோனிகா ஆபட் 2012-இல் மணிக்கு 124 கிலோ மீட்டர் வேகத்தில் வீசிச் சாதனை படைத்தார். மட்டையாளருக்குக் கிடைக்கும் நேரத்தை வைத்துப் பார்த்தால், அது பேஸ்பாலில் மணிக்கு 180 கிலோ மீட்டருக்குச் சமம். அந்த வேகத்தை எந்த பேஸ்பால் வீச்சாளரும் எட்டியதில்லை.

இதனால்தான் 2004-ஆம் ஆண்டு நடந்த ஒரு காட்சிப் போட்டியில் ஜென்னி ஃபிஞ்ச் வீசிய பந்துகளை, அக்காலத்தின் தலைசிறந்த பேஸ்பால் மட்டையாளர்களுள் ஒருவரான ஆல்பர்ட் புஹோல்ஸால் தொடக்கூட முடியவில்லை. மைக் பியாசாவும் பிரையன் ஜைல்ஸும் அவ்வாறே வெளியேறினர். நேரம் சமமாக இருந்தும் ஏன் இந்தத் தோல்வி? அந்த 0.39 நொடியில் பந்தை முழுமையாகக் கண்டு, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்ற எந்த மனிதராலும் இயலாது. மட்டையாளர் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. வீச்சாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவிலிருந்து பந்து வரப்போகும் இடத்தை முன்கூட்டியே ஊகிக்கிறார். பல்லாயிரம் முறை தலைக்கு மேலிருந்து வரும் பந்தைச் சந்தித்துப் பழகிய மூளைக்கு, தொடையருகிலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி வரும் பந்தைப் பற்றி எந்த ஊகமும் இல்லை. புஹோல்ஸின் உடல்திறன் குறைந்துவிடவில்லை. அவர் கற்ற மொழி வேறு, அன்று பேசப்பட்ட மொழி வேறு.

தாழ்ந்த கையிலிருந்து இத்தனை வேகம் எப்படிப் பிறக்கிறது என்பதே இந்த ஆட்டத்தின் நுட்பம். வீச்சாளரைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதாகவும், அவருடைய கை ஒரு கடிகார முள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு மணி நிலையில் தொங்கும் கை முன்புறமாக எழுந்து, பன்னிரண்டு மணி நிலையில் தலைக்கு மேல் நீண்டு, ஒன்பது மணி நிலையில் உடலுக்குப் பின்னே இறங்கி, மீண்டும் ஆறு மணி நிலையை அடையும்போது பந்து விடுபடுகிறது. காற்றாலையின் இறக்கையை நினைவூட்டுவதால் இதற்கு 'விண்ட்மில்' வீச்சு என்று பெயர். கை மட்டும் சுழன்றால் இந்த வேகம் வராது. பின்கால் மேடைத் தகட்டை உந்தித் தள்ள, உடல் முன்னே தாவுகிறது. முன்கால் தரையில் ஊன்றி உறுதியாக நிற்கும்போது அந்தத் தாவலின் விசை சட்டென்று தடுக்கப்படுகிறது. ஓடும் மிதிவண்டியில் முன்சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தினால் மேலே இருப்பவர் தூக்கி எறியப்படுவாரல்லவா? அதைப் போலவே கால் நின்றதும் இடுப்பு திரும்புகிறது, இடுப்பு நின்றதும் தோள் பாய்கிறது, தோளின் விசை முழங்கைக்கும் முன்கைக்கும் இறங்கிக் கடைசியில் விரல்நுனியில் முடிகிறது. பந்தை விடும் கணத்தில் முன்கை இடுப்பை உரசிச் செல்வதுண்டு. தெரியாதவர்கள் அதைத் தவறு என்று நினைப்பர். உண்மையில் மேற்கையின் ஓட்டத்தை அந்த உரசல் தடுப்பதால் முன்கை சாட்டையின் நுனியைப் போல விரைகிறது.

இனி, பந்தை வளைக்கும் கலை. சுழலும் பந்து காற்றைத் தன் சுழற்சிக்கேற்ப ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. காற்று பந்தை மறுபக்கமாகத் தள்ளுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிவியலறிஞர் மேக்னஸின் பெயரால் இவ்விளைவு அழைக்கப்படுகிறது. கிரிக்கெட்டில் மேற்சுழற்சி கொடுக்கப்பட்ட பந்து மட்டையாளர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே 'டிப்' ஆகி விழுவதும் இதனால்தான். பந்தின் மேற்பகுதி மட்டையாளரை நோக்கிச் சுழன்றால் பந்து விரைவில் தாழும். கீழ்ப்பகுதி அவரை நோக்கிச் சுழன்றால் தாழ்வது தாமதமாகும். அச்சு நட்டுவைத்த கம்பம் போல நின்றால் பந்து பக்கவாட்டில் விலகும். மென்பந்து வீச்சாளரின் கையிருப்பில் உள்ள வளைபந்துகள் அனைத்தும் இந்த மூன்றின் கலவையே.

பேஸ்பாலுக்கும் மென்பந்துக்கும் உள்ள ஒரு வேறுபாடு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. தலைக்கு மேலிருந்து வீசும்போது விரல்கள் பந்தின் பின்புறத்தைக் கீழ்நோக்கி இழுத்தபடி விடுகின்றன. அதனால் பின்சுழற்சி தானாகவே கிடைத்துவிடுகிறது. மேற்சுழற்சிக்குத்தான் மணிக்கட்டைத் திருகிப் பாடுபட வேண்டும். தாழ்த்தி வீசும்போது இது தலைகீழாகிறது. உள்ளங்கை மட்டையாளரை நோக்கியிருக்க, பந்தின் பின்னே இருக்கும் விரல்கள் மேல்நோக்கி உரித்தெடுப்பது போல விலகுகின்றன. பந்தின் பின்புறம் மேலேறி, மேற்புறம் முன்னே சுழல்கிறது. ஆகவே 'டிராப் பால்' எனப்படும் தாழும் பந்து மென்பந்து வீச்சாளரின் கைக்கு இயல்பாக வரும் பந்து. கையில் ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துத் தாழ்த்தி எறிந்து பார்த்தால் எவரும் இதை உணரலாம்.

ஆனால், 'ரைஸ் பால்' அவ்வாறன்று. பந்தின் அடியில் விரல்களைக் கொடுத்து, கதவுக் குமிழைத் திருகுவது போல முன்கையைத் திருப்பி, பந்தின் அடிப்பகுதி மட்டையாளரை நோக்கிச் சுழலுமாறு விட வேண்டும். இயற்கையான கையோட்டத்துக்கு எதிரான செயல் இது. அதைக் கைவரப்பெறப் பல ஆண்டுகள் ஆகும். கைவந்ததாக எண்ணும் பலருடைய பந்துகூட மெதுவாக்கிய காணொளியில் துப்பாக்கித் தோட்டாவைப் போலத் தன் பயணத் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்வதைக் காணலாம். அந்தச் சுழற்சி பார்வைக்கு அழகாயிருக்கும், பந்தை உயர்த்தாது.

சரியான பின்சுழற்சி கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். அப்போதாவது பந்து எழும்புமா? நொடிக்கு இருபதுக்குச் சற்று மேற்பட்ட சுழற்சிகளும் மணிக்கு 105 கிலோ மீட்டர் வேகமும் என்று வைத்து நான் கணக்கிட்டுப் பார்த்ததில், காற்று தரும் மேல்நோக்கிய விசை பந்தின் எடையில் பாதியைக்கூட எட்டவில்லை. எடையை வெல்லாத விசையால் பந்தின் பாதையை மேல்நோக்கி வளைக்க இயலாது. நடப்பது வேறு. பந்து தொடை உயரத்தில் மேல்நோக்கிய சாய்வில் புறப்படுகிறது. புவியீர்ப்பு அதன் ஏற்றத்தைக் கணத்துக்குக் கணம் குறைக்கிறது. மட்டையாளரின் நெஞ்சருகே வரும்போது அது ஏறத்தாழக் கிடைமட்டமாகச் சென்று கொண்டிருக்கும். ஆனால், சுழற்சியில்லாத பந்து இந்நேரம் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்திலிருந்து ஒரு சாணுக்கும் மேலான உயரத்தில் இது இருக்கிறது. மட்டையாளரின் மூளை முன்னதை எதிர்பார்க்கிறது. கண் பின்னதைக் காண்கிறது. இந்த இடைவெளியைத்தான் 'பந்து தாவியது' என்று அவர் உணர்கிறார். மட்டையைப் பந்துக்குக் கீழே வீசிவிட்டு, திகைப்போடு கேட்சரின் கையுறையைத் திரும்பிப் பார்க்கிறார்.

'கர்வ் பால்', 'ஸ்குரூ பால்' இரண்டும் பக்கவாட்டு விலகல்கள். வலக்கை வீச்சாளரின் கர்வ் பால் வலக்கை மட்டையாளரை விட்டு வெளியே போகும், ஸ்குரூ பால் உள்ளே வரும் என்பதற்கு மேல் இங்கு விளக்கம் தேவையில்லை. நான் உயர்வாக மதிப்பது 'சேஞ்ச்-அப்'தான். அதே தாவல், அதே கையோட்டம். பந்து மட்டும் உள்ளங்கையின் ஆழத்திலிருந்தோ புறங்கை முன்னிருக்கவோ விடப்படுவதால் மணிக்கு இருபது கிலோ மீட்டர் குறைந்து வருகிறது. பந்து வந்துசேர 0.09 நொடி அதிகமாகும். அந்தச் சிறு பொழுதில் மட்டை சுழன்று முடிந்திருக்கும். இதில் மணிக்கட்டு வித்தைகள் குறைவு, வஞ்சகம் மிகுதி. பயிற்சியாளர்கள் சிலர் பத்து வயதுச் சிறுமியருக்கு ரைஸ் பால் கற்பிக்க அவசரப்படுவதைக் காணும்போது, வேகப்பந்தும் சேஞ்ச்-அப்பும் மட்டுமே கொண்டு அந்த வயதில் எவரையும் வெளியேற்றலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனை விசையும் விரல்நுனிக்குப் போகும் வழியில் கடந்தாக வேண்டிய மூட்டு தோள். அமெரிக்கப் பயிற்சி மைதானங்களில் தலைமுறைகளாக நிலவும் நம்பிக்கை, தாழ்த்தி வீசுவது இயற்கையான அசைவு, அதற்கு வரம்பு தேவையில்லை என்பது. இதில் ஒரு பகுதி உண்மை இருப்பதை மறுக்கக் கூடாது. பேஸ்பால் வீச்சாளர்களை வாட்டும் முழங்கைத் தசைநார்க் கிழிவும் அதற்கான அறுவைச் சிகிச்சையும் மென்பந்தில் மிகக் குறைவு. முழங்கையைப் பக்கவாட்டில் பிளக்கும் விசை இங்கு சிறியது. அங்கே காயம் இல்லை என்பதைக் கண்டவர்கள் எங்குமே காயம் இல்லை என்று முடிவு செய்துவிட்டனர்.

1998-இல் பேரன்டைன், ஃபிளைசிக் முதலிய ஆய்வாளர்கள் விண்ட்மில் வீச்சை அதிவேகப் படக்கருவிகளால் பதிவு செய்து விசைகளைக் கணக்கிட்டனர். கையைத் தோளின் கிண்ணத்திலிருந்து பிடுங்கிச் செல்லாமல் காக்கத் தோள் தர வேண்டிய விசை, வீச்சாளரின் உடல் எடைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் கையை, ஒவ்வொரு வீச்சிலும் ஒரு கணம், 60 கிலோ எடை கட்டி இழுப்பதற்கு ஒப்பானது அது. பேஸ்பாலில் இந்த இழுவை பந்தை விட்ட பிறகு, கை வேகம் தணியும்போது உச்சத்தை அடைகிறது. மென்பந்தில் பந்தை விடுவதற்கு முன்பே, கை இன்னும் விரைவு கூட்டிக் கொண்டிருக்கும்போதே வந்துவிடுகிறது. விரைவைக் கூட்டுவதும் மூட்டைக் காப்பதும் ஒரே கணத்தில் தசைகளின் மேல் விழுகின்றன.

அந்தச் சுமையின் பெரும்பங்கைத் தாங்குவது மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸ். அதன் நீண்ட தசைநாண் தோளுக்குள் நுழைந்து கிண்ணத்தின் மேல்விளிம்பில் இணைகிறது. 2009-இல் ரோஹாஸ் தலைமையிலான மருத்துவக் குழு ஒன்று, வீராங்கனைகளின் தசை மின்னோட்டத்தை அளந்து, தலைக்கு மேலிருந்து வீசுவதைவிட விண்ட்மில் வீச்சில் பைசெப்ஸ் அதிகமாக உழைப்பதையும், ஒன்பது மணி நிலையில் அந்த உழைப்பு உச்சமடைவதையும் காட்டியது. மென்பந்து வீச்சாளர்கள் தோளின் முன்புறத்தைத் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்று சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1989-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்லூரி அணிகளைச் சேர்ந்த 24 வீச்சாளர்களிடம் விசாரித்த ஓர் ஆய்வில், 20 பேர் காயமுற்றதாகத் தெரிவித்திருந்தனர். அந்த ஆய்வு 1992-இல் வெளிவந்தது. நம்பிக்கை மட்டும் அசையவில்லை.

விதிகளில் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் லிட்டில் லீக் அமைப்பு சிறுவர் பேஸ்பாலில் ஒருவர் ஒரு நாளில் இத்தனை பந்துகள்தாம் வீசலாம் என்று 2007-இல் வரம்பு விதித்தது. உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலுக்கு 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் வீச்சு எண்ணிக்கைக்கு வரம்பு வகுத்தாக வேண்டும் என்று தேசிய அளவில் விதி வந்தது. உயர்நிலைப் பள்ளி மென்பந்துக்கு அப்படியொரு தேசிய விதி வரவில்லை. விளையாட்டு மருத்துவர்கள் பரிந்துரைகள் வெளியிட்டுள்ளனர். எட்டு முதல் பத்து வயதுச் சிறுமியருக்கு ஓர் ஆட்டத்துக்கு 50 பந்துகள், 15 வயதைக் கடந்தவர்களுக்கு ஓர் ஆட்டத்துக்கு 100, ஒரு நாளுக்கு 140 என்பன அவற்றுள் சில. பரிந்துரைகளை மீறினால் கேட்பாரில்லை. வார இறுதிப் போட்டித் தொடர்களில் சனி, ஞாயிறு இரு நாள்களிலும் ஒரே சிறுமி மூன்று நான்கு ஆட்டங்களில் வீசுவது அங்கே வியப்புக்குரியதன்று. பேஸ்பால் அணி ஐந்து வீச்சாளர்களைச் சுழற்சி முறையில் வைத்திருக்கும். மென்பந்து அணி ஒரு நட்சத்திரத்தை நம்பியே தொடரைக் கடக்கும். ஆட்டத்தின் தோற்றத்தைக் கண்டு எழுந்த எண்ணத்தோடு, பெண்களின் ஆட்டம்தானே என்ற அலட்சியமும் இதில் கலந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இந்த நம்பிக்கை எட்டக்கூடிய உச்சத்தை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் காட்டியது. ஜப்பானின் யுகிகோ உவேனோ ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸ் வீசித் தோற்றார். அதே நாளில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 12 இன்னிங்ஸ் வீசி வென்றார். மறுநாள் இறுதி ஆட்டத்தில் மீண்டும் அமெரிக்காவை எதிர்கொண்டு, ஏழு இன்னிங்ஸும் தாமே வீசி, 3-1 என்ற கணக்கில் தங்கம் வென்று தந்தார். 1996 முதல் மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றிருந்த அணி வீழ்ந்தது. இரண்டு நாள்களில் மூன்று ஆட்டங்கள், மொத்தம் 413 பந்துகள். 'உவேனோவின் 413 பந்துகள்' என்ற தொடர் அந்த ஆண்டு ஜப்பானில் மக்கள் நாவில் புழங்கிய சொற்களுக்கான விருதுகளில் சிறப்புப் பரிசு பெற்றது. அந்த மனவுறுதியை நானும் வணங்குகிறேன். ஆனால், ஒரு பேஸ்பால் வீச்சாளர் இரண்டு நாளில் 413 பந்துகள் வீசியிருந்தால் அவருடைய பயிற்சியாளர் பதவியிழந்திருப்பார். இங்கே அதற்கு விருது கிடைத்தது.

உவேனோ அதன்பிறகும் பல ஆண்டுகள் ஆடினாரே, தோளுக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. நீடித்து ஆடியவர்களை மட்டுமே நாம் காண்கிறோம் என்பதே அதற்கு விடை. பதினைந்து வயதில் தோள்வலியால் கையுறையைக் கழற்றி வைத்தவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது.

பணம் வந்தால் நிலைமை மாறும் என்றும் நம்புவதற்கில்லை. 2024-இல் நிஜாரி கேனடி என்ற வீச்சாளர் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்காக ஆட, ஓராண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தம் பெற்றார். அத்தனை விலை கொடுத்துப் பெற்ற கையைப் பொத்திப் பாதுகாத்திருக்க வேண்டுமல்லவா? 2025 மகளிர் கல்லூரி உலகத் தொடரில், இறுதிச்சுற்றின் மூன்றாவது ஆட்டம் வரை அந்த அணியின் ஒவ்வொரு பந்தையும் அவரே வீசினார். அந்த மூன்றாவது ஆட்டத்தில் டெக்சாஸ் அணி முதல் இன்னிங்ஸிலேயே அவர் பந்துகளில் ஐந்து ரன்கள் குவித்தது. கேனடி வெளியேற, டெக்சாஸ் 10-4 என வென்றது. சோர்ந்த தோள் வேகத்தை மட்டும் இழப்பதில்லை. விரல்நுனியின் நுண்மையையும் இழக்கிறது. ரைஸ் பால் தட்டையாகிறது, டிராப் பால் தாழ மறுக்கிறது. அதே வீச்சாளரை அதே தொடரில் பலமுறை சந்தித்த மட்டையாளர்களும் அவருடைய மொழியைக் கற்றுக் கொண்டுவிடுகின்றனர். ஆக, ஒருவரையே நம்புவது உடல்நலத்துக்கு மட்டுமன்றி வெற்றிக்கும் உகந்ததன்று.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பந்துகளை எண்ண வேண்டும். ஆட்டத்தில் வீசியதை மட்டுமன்றி, ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்ற வீசியதையும் பயிற்சியில் வீசியதையும் சேர்த்து எண்ண வேண்டும். தோளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தொடர்ந்து மூன்றாம் நாளாக ஒருவரை வீசச் செய்யக் கூடாது. அணிக்குக் குறைந்தது மூன்று வீச்சாளர்களை வளர்க்க வேண்டும். இடுப்பும் தொடையும் வலுவற்ற சிறுமி கால்கள் தராத விசையைத் தோளிலிருந்து பறித்துக்கொள்கிறாள் என்பதால், பந்தைத் தொடுவதற்கு முன் கால்களுக்குப் பயிற்சி தர வேண்டும். நம் மாநிலத்தின் பள்ளி, கல்லூரிப் போட்டிகளிலும் மாணவியர் மென்பந்து ஆடுகின்றனர். ஒரு மண்டலப் போட்டி ஒன்றிரண்டு நாள்களில் முடிக்கப்படுவதும், நன்றாக வீசத் தெரிந்த ஒரே மாணவி எல்லா ஆட்டங்களிலும் வீசுவதும் நம் சூழலில் எளிதில் நேரக் கூடியவை. ஸ்கோர் எழுதும் தாளில் வீச்சு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் சேர்க்க அரசாணை எதுவும் தேவையில்லை.

13 ஆண்டுகளுக்குப் பின், 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் உவேனோ மீண்டும் அமெரிக்காவுக்கு எதிராக நின்றார். அப்போது அவருக்கு வயது 39. ஆறாவது இன்னிங்ஸில் அவர் கையிலிருந்த பந்து 20 வயது மியு கோட்டோவிடம் கொடுக்கப்பட்டது. ஆட்டத்தைத் தொடங்கியவர் வெளியேறி ஒருமுறை திரும்பி வரலாம் என்பது மென்பந்து விதி. கோட்டோ நெருக்கடியைக் கடத்திக் கொடுக்க, ஓய்வெடுத்த உவேனோ ஏழாவது இன்னிங்ஸுக்குத் திரும்பி வந்தார். ஜப்பான் 2-0 என வென்றது. பாரிஸில் இடம்பெறாத மென்பந்து, 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் வருகிறது. ஆட்டங்கள் நடக்கவிருப்பது அமெரிக்க மென்பந்தின் தலைநகர் எனப்படும் ஓக்லஹோமா சிட்டியில்.